தோட்டத்து ஒழுங்கும் அதன் விலையும்

சமூக ஒழுங்கு எதனால் நிலைக்கிறது, ஏற்றத்தாழ்வு எங்கே வேர்கொள்கிறது, மாற்றம் யாரை முதலில் தாக்குகிறது என்று கேட்ட செவ்வியல் சமூகவியல் ஐரோப்பிய ஆலைகளோடு முடிந்துபோனது என்று ஒதுக்குவோர், மாக்ஸ் வெபர் 1892இல் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் பார்க்க வேண்டும். எல்பே ஆற்றுக்குக் கிழக்கே, வீடும் சிறு நிலமும் விளைச்சலில் பங்கும் பெற்று ஆண்டு ஒப்பந்தத்தில் பண்ணையாரோடு பிணைந்திருந்த குடும்பங்கள் வெறும் காசுக்கூலிக்குத் தள்ளப்பட்டதையும், அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைப் போலந்துப் பருவகாலத் தொழிலாளர் நிரப்பியதையும் அது விவரிக்கிறது. மலேசியாவின் நீலாய் வட்டார ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவருக்கு இது அந்நியக் கதையன்று.

அங்கே நிலவிய துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), கங்காணி (ஆள்சேர்ப்பவர்), லயத்து மக்கள் (வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்) என்ற அடுக்கை, உற்பத்திச் சாதனம் யார் கையில் என்று கேட்கும் மார்க்சின் வர்க்கக் கோட்பாடு பாதிதான் விளக்கும். மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் பெருமளவில் வகித்த கிராணி வேலை சம்பள வேலையே. ஒரு பால்மரமும் கிராணிக்குச் சொந்தமில்லை. ஆயினும் அவர் பால்வெட்டுத் தொழிலாளியோடு சமமாகப் பழகியதில்லை. பொருளுடைமையிலிருந்து வேறுபட்ட இந்தச் சமூக மதிப்பின் படிநிலையையே வெபர் தகுநிலை என்று பிரித்துக் காட்டினார். தன் ஊராரையே ஆள்சேர்த்து, அவர்கள் வேலைக்கு வந்த நாள்களுக்குத் தலைக்காசு பெற்ற கங்காணியிடம் உறவும் சுரண்டலும் ஒன்றாகவே இருந்தன. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்யும்வரை அம்முறை நீடித்தது.

தோட்டத்தை விட்டு வந்தோர் குடியேறிய நகர்ப்புற அடுக்குமாடிகளில் இளைஞர் வன்முறை தலைதூக்கும்போதெல்லாம், பழைய நெறிகள் தளர்ந்து புதியவை உருவாகாத நிலையாகிய நெறியழிவு என்னும் எமில் துர்கைமின் கருத்து மேடைகளில் எளிதாக எடுத்தாளப்படுகிறது. மாரியம்மன் திருவிழாவில் ஒன்றுகூடிய தோட்டம் ஒழுங்காக இருந்தது, நகரம் கெடுத்துவிட்டது என்பது அதன் உட்பொருள். அக்கருத்தை முன்வைத்துத் துர்கைம் 1893இல் வெளியிட்ட நூலே, திறமைக்கு மாறாகப் பிறப்பு வேலையைத் தீர்மானிக்கும் வலிந்த வேலைப்பிரிவினையையும் நோய் என்றே கூறுகிறது என்பதை எவரும் நினைவூட்டுவதில்லை. தாயின் நிரையைத் தொடர்ந்து மகளும் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்ற தோட்டத்தில் வேலை, வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில் அனைத்தும் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்ததால், நிலம் கைமாறியதும் அனைத்தும் ஒருசேரக் கைநழுவின. பெருந்தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற தோட்டத் துண்டாடலுக்கு எதிராக, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதை உணர்ந்த அரிய முயற்சி. ஆயினும், 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்ட காலத்தில், நீலாயைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்புக்கும் கல்லூரிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறிக்கொண்டிருந்தது.

வெபரிடம் கொள்ளத்தகாததும் உண்டு: போலந்துத் தொழிலாளரின் தாழ்ந்த வாழ்க்கைத் தரமே ஜெர்மானியரை விரட்டுகிறது என்று அவர் தேசியவெறியோடு எழுதினார். செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியரையும் வங்கதேசத்தவரையும் பற்றி அதே குறையைக் கங்காணி அழைத்துவந்தோரின் பேரப்பிள்ளைகள் கூறுவது பொருந்தாது. நீலாய், மந்தின், லாபு வட்டார வாசகர்கள் தங்கள் குடும்பங்களின் தோட்ட வரலாற்றை எழுதி அனுப்ப வேண்டும். அவற்றோடு, அதே நிரைகளில் இன்று நிற்கும் அயல்நாட்டுத் தொழிலாளரின் கூலியும் குடியிருப்பும் பதிவாக வேண்டும்.