சுருட்டி வைக்கும் கட்டில்

மூன்று ஓலையும் கூறியாகிவிட்டது. பெண் வீட்டாரோ கட்டிலும் பீரோவும் வாங்கக் கடன் தேடி அலைகின்றனர். பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் இது புதிய செய்தியன்று. மணமக்கள் குடிபுகும் இல்லத்தில் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு திண்ணை. வலையை வைப்பதும், பிள்ளைகள் படிப்பதும், பாட்டியார் படுப்பதும் அங்கேதான். கட்டில் உள்ளே வந்தால் மனிதர் வெளியே படுக்க நேரிடுகிறது!

ஏரிக்கும் கடலுக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் மணல் நிலம் இது. புயல் மழையில் வெள்ளம் புகுந்தால், மரத்தூள் பலகைக் கட்டில் ஊறி உப்பிவிடும். கடன் தவணை மட்டும் எஞ்சி நிற்கும். பாயையோ சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுப் புறப்படலாம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட கரையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாய் என்றதும் முகம் சுளிக்கும் வாசகியர் பத்தமடையைப் பற்றி அறிதல் நலம். திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள ஊர். அங்கே லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகின்றன. வீடே தறிக்கூடம், தாயிடமிருந்து மகள் கற்கிறாள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பசுமையிலேயே கீறி, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஊறவைக்கின்றனர். ஊறிப் பருத்ததை மீண்டும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, தரையை ஒட்டிய தறியில், பருத்தி நூற் பாவினூடே ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கின்றனர். நயமான பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் செல்லும். அதற்குப் ‘பட்டுப்பாய்’ என்று பெயர். அதன் வழவழப்பினால் வந்த பெயர். துணிபோல் மடித்துவிடலாம். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் சென்றதாகக் கூறுவர்.

பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைப்பதால் இக்குடும்பங்களின் பிழைப்பு நலிந்திருக்கிறது. பட்டுப்பாயின் விலை கூடுதல்தான். ஆயினும் அத்தனை நாள் உழைப்பை எண்ணினால் அது மிகையாகத் தோன்றவில்லை. அன்றாடப் படுக்கைக்குச் சாதாரணக் கோரைப்பாயே போதும்.

முழங்கால் வலியால் வருந்தும் பாட்டியாருக்குக் கட்டில் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு ஒன்று வாங்குங்கள். புதுமணத் தம்பதியருக்கு என்ன அவசரம்? அவர்களுடைய பெயர்களையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவது பத்தமடை வழக்கம். சீர்வரிசையில் அதற்கு இடமளிக்க விரும்புவோர் சில மாதங்களுக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும். மூன்றாம் ஓலைக்குப் பிறகு சொன்னால் கைக்கு வந்து சேராது.