பேசாப்படம் ஓசையற்ற படமல்ல

ஊமைப்படத்தைப் பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்கக் காட்டுவது இக்காலத்தார் ஒட்டவைத்த அலங்காரம், படத்தின் இயல்பான மௌனத்தை அது கெடுக்கிறது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. நம் சொல்லே இதற்கு மறுப்பு. பேசாப்படம் என்றுதான் சொன்னார்கள், ஓசையற்ற படம் என்றல்ல. தொடக்க ஆண்டுகளில் எல்லாக் காட்சிக்கும் இசை இருந்ததில்லை என்பது மெய்தான். ஆனால் 1920களில் மேலைநாட்டுப் பெருநகரப் படமாளிகைகளில் வாத்தியக் குழு, சிற்றூர்களில் ஒரு பியானோக்காரர் என்று அது வழமையாகிவிட்டது. எந்த இடத்துக்கு எந்த மெட்டு என்ற குறிப்புத்தாளைப் படக் கம்பெனிகளே அனுப்பின. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் கூடாரத்தோடு ஊரூராகப் படம் காட்டத் தொடங்கிய தமிழ்நாட்டிலோ, திரையருகே நின்று கதை சொல்பவரும் இருந்தார்.

பதிவுசெய்த இசையைப் போட்டால் போதாதா என்பது அடுத்த வாதம். ‘சிட்டி லைட்ஸ்’ படத்துக்கு 1931இல் சாப்ளின் தாமே இசையமைத்துச் சுருளிலேயே பதித்தார்; அதில் வேறெவரும் கைவைக்க வேண்டியதில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி முடிந்த முடிவான இசை கிடையாது. கையால் சுழற்றி எடுத்த படங்களின் வேகமும் ஒரேசீரானதல்ல. பேசும்படம் விநாடிக்கு 24 சட்டகம் என்று நிலைத்தது. முந்தியவை 16இலும் ஓடும், 22இலும் ஓடும். பதிவு தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். வாசிப்பவரின் கண் திரையில் இருப்பதால் அவர் கை படத்தோடு போகிறது. சபை சிரித்தால் அடுத்த அடியைத் தாமதிக்கிறார். உறைந்துபோனால் கையை எடுத்துவிடுகிறார். மௌனம் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு உண்மையான மௌனம் அந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

பியானோ அந்நியம், முல்லைத்தீவின் மல்லாவி போன்ற ஊரில் எடுபடாது என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். காத்தவராயன் கூத்தில் அதை யார் அந்நியமென்று ஒதுக்கினார்? கூத்தாடியின் காலைப் பார்த்து மத்தளம் அடிப்பவருக்கும் திரையில் ஓடுபவனின் காலைப் பார்த்து வாசிப்பவருக்கும் வேலை ஒன்றே. விடியவிடியக் கோவலன் கூத்துப் பார்த்த முல்லைத்தீவு மண்ணுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பியானோ இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து ஓர்கனும் ஒரு மத்தளமும் போதும். நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்து, 1933இல் பதிப்புரிமை வழக்கில் முடங்கிப்போன ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற பேசாப்படத்தின் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் வாள் உயரும்போது எந்தத் தாளம் விழவேண்டும் என்பதை எந்தப் பியானோக்காரரையும்விட கூத்துப் பழக்கும் நம் அண்ணாவியார் அறிவார்.