காதுக்கு முப்பதாயிரம், கேசட்டுக்குப் பூசணம்

“ரெக்கார்டிங் மோசம்ணே. இந்த செட்டப்புக்கு இது வேஸ்ட்.”

போன மாதம் குடவாசல் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தம்பி சொன்னது. கும்பகோணத்துக்காரன், நிறையப் படிக்கிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினான். ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் ஒன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு டாக், இரண்டையும் இணைக்கப் பின்னல் போட்ட கேபிள். டாக் என்றால் டிஜிட்டல் கோப்பில் இருக்கும் எண்களை மின்னலையாக மாற்றி ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் பெட்டி. போனுக்குள்ளேயும் அது ஒன்று இருக்கிறது. இவன் வைத்திருப்பது தனியாக, உசத்தியாக. மொத்தம் முப்பதாயிரத்துச் சொச்சம் என்றான்.

நாலு பாட்டு போட்டுக் காட்டினான். பிரமாதமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு நான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போடச் சொன்னேன். முப்பது விநாடி கேட்டான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சில வருஷம் முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு தலைகீழ்ப் பார்வை இருக்கிறது. கருவிக்குத் தகுந்த இசையைத் தேடுகிறோம். இசைக்காகக் கருவி என்பது போய், கருவிக்காக இசை என்றாகிவிட்டது. காவிரிக் கரையில் பிறந்தவன் இதைச் சொல்லும்போது அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அந்த விலை என்னவென்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் நம்மிடம் விற்கப்படுவது எண்கள்தான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், அதற்கும் மேலே 384, 768.

1982இல் கடைக்கு வந்த சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 44,100 தடவை ஒலியலையை அளந்து எழுதுகிறது. இப்படி அளந்தால் 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலி முழுவதையும் திரும்ப உருவாக்கிவிடலாம். இது கணிதம், நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மனிதக் காதின் எல்லையாகச் சொல்லப்படுவது 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் இளவயதில். 16 பிட்டில் கிடைக்கும் மிகச் சன்னத்துக்கும் மிகச் சத்தத்துக்குமான இடைவெளி சுமார் 96 டெசிபல். ராத்திரி ரெண்டு மணிக்குக் குடவாசலில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும் அத்தனை அமைதி கிடைக்காது, தவளை இருக்கிறது.

2007இல் மேயரும் மோரனும் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். உயர்தர ஒலியை அப்படியே ஒருமுறை, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை என்று கேட்கவிட்டு, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 தடவை கேட்டதில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மொத்தத்தில் 52.3 சதவீதம் சரியான விடை என்று கண்டார். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அது நூற்றில் ரெண்டு சொச்சம். இந்த ரெண்டுக்காகத்தான் இவ்வளவு பேச்சு.

நானும் செய்து பார்த்தேன். மனைவியை டாக்கையும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டாங்கிளையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டேன். சத்தத்தைச் சமப்படுத்துவதுதான் இதில் முக்கியம். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதை நல்ல ஒலி என்று காது ஏமாந்துவிடும். சமப்படுத்திய பிறகு பத்துக்கு ஐந்து. அதிலும் ரெண்டு முறை மாற்றாமலே மாற்றியதாக அவள் சொல்லியிருந்தாள்; நான் அப்போதும் வித்தியாசத்தை விவரித்தேன்.

ஹெட்ஃபோன் விஷயம் வேறு. ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் ஒலி மாறும், யார் காதுக்கும் தெரியும். நல்ல ஹெட்ஃபோனுக்குக் கொடுத்த காசு வீணில்லை. டாக் தேவைப்படும் இடமும் உண்டு: போனின் ஒலி இரைச்சலாக இருந்தால், ஹெட்ஃபோன் அதிக மின்தடை உடையதாக இருந்து போனால் அதைத் தள்ளமுடியாவிட்டால். அதற்கு மேல் கொடுப்பது அழகான அலுமினியப் பெட்டிக்கு.

*

இங்கே ஒரு பெரியவர் குறுக்கிடுவார். எல்லா ஊரிலும் ஒருத்தர் இருக்கிறார். “நாயனம் தெருவுல கேக்கறதுடா. சாமி புறப்பாட்டுல நாலு வீதியும் சுத்தி வர்றப்ப கேக்கணும். அதைப் போயி காதுல மாட்டிக்கிட்டு…”

அழகான பேச்சு. ஆனால் இதைச் சொல்கிறவர் எந்தத் தெருவைச் சொல்கிறார்? மின்மோட்டாரில் தானாக அடிக்கும் முரசும் மணியும் எத்தனையோ கோயிலில் மேளக்காரர் இடத்தைப் பிடித்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் ஐந்து நிமிஷம் போக மீதி நேரம் வாசிப்பவரை யார் கவனிக்கிறார்கள்? தெரு இருந்தபோது காதை மூடிக்கொண்டவர்கள், இப்போது தெருவின் பேரைச் சொல்லி ஹெட்ஃபோனைப் பழிக்கிறார்கள்.

நான் அனுபவத்தில் சொல்கிறேன். நாகஸ்வரத்தைத் தெருவில் கேட்டு வளர்ந்தவன்தான். தூரத்தில் கேட்கும்போது அது ஒரே வீச்சாக வரும், உடம்பில் மோதும். ஹெட்ஃபோனில் அது நடப்பதில்லை. பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவு மண்டைக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் தெருவில் கேட்காத வேறொன்று கேட்கிறது. ஒரு வரிசை முடிந்து அடுத்ததற்கு முன் இழுக்கும் மூச்சு. சீவாளியில் உதடு இறுகி, அதே விரல் இருக்கும்போதே ஸ்வரம் மேலே நகர்வது. தவிலில் வலது கை விரல்களில் மாட்டிய கூட்டின் ‘டக்’கும் இடது கைக் கழியின் ‘தொம்’மும் தனித்தனியாகப் பிரிவது. அடியில் ஒத்து ஒரே இழையாக ஓடுவது. வாசிக்கிறவருக்கு ஒரு கை தூரத்தில், தாளம் போடுகிற பையன் உட்கார்ந்திருக்கும் இடத்தில், என்னை உட்கார்த்தி வைக்கிறது இந்தக் கருவி. அந்த இடத்தில் உட்கார எனக்கு முன்பு அனுமதி இருந்ததில்லை.

ஆகவே பெரியவரும் தம்பியும் எதிரெதிர் அணி இல்லை. ஒருத்தருக்கு ஒலிப்பதிவே ஆகாது, இன்னொருத்தனுக்கு மோசமான ஒலிப்பதிவு ஆகாது. ரெண்டு பேரும் சேர்ந்து ராஜரத்தினம் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

*

சரி, அந்தத் தோடி ஏன் மோசமாக ஒலிக்கிறது? 1898இல் திருமருகலில் பிறந்து 1956இல் மறைந்தவர் அவர். அவர் வாசிப்பில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. மிஞ்சியது இசைத்தட்டுகளும் சில நாடாக்களும். பழைய அரக்குத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம். மணிக்கணக்காகத் தோடி வாசித்தவர் என்று பேர் பெற்றவரை அதற்குள் அடைத்தார்கள். அந்தத் தட்டில் பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் சரசரப்புதான். சிடியின் 96 டெசிபலில் பாதிகூட அதில் தேறாது. இந்தப் பொருளை 192 கிலோஹெர்ட்ஸ் டாக்கில் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் நம் காதுக்கு வந்து சேரும் மோசத்தில் பெரும்பங்கு தட்டினுடையது அல்ல, தட்டிலிருந்து எடுத்தவருடையது. இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தட்டும் 78 சுற்றில் பதிவானதில்லை. ஆரம்பகாலத் தட்டுகளில் ஏற்றத்தாழ்வு உண்டு. 78இல் சுற்றவேண்டியதை 80இல் சுற்றினால் சுருதி 44 சென்ட் ஏறும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம் 100 சென்ட். அதில் கிட்டத்தட்டப் பாதி! இரண்டு கட்டை நாயனம் இரண்டரைக் கட்டையை நோக்கி நகர்ந்துவிடும். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, திமிரியின் கிறீச்சை விட்டு இறங்கிப் பாரி நாயனத்தின் கனத்துக்கு வந்தவர் ராஜரத்தினம் பிள்ளை. நாம் தட்டை வேகமாகச் சுற்றி அவரை மறுபடி மேலே ஏற்றுகிறோம். இரண்டு டாக்குக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அளக்கக் கருவி வேண்டும். இதைக் கண்டுபிடிக்கச் சுருதிப்பெட்டி போதும்.

அடுத்தது ஊசி. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு எல்.பி. ஊசியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். எல்.பி. ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் போய், அறுபது எழுபது வருஷத்து அழுக்கை வாசிக்கும். பிறகு “இரைச்சல் ஜாஸ்தி” என்று சொல்லி மென்பொருளால் துடைப்பார்கள். நாகஸ்வரத்தின் கூர்மையும் தட்டின் சரசரப்பும் இருப்பது ஒரே பிரதேசத்தில். ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் ஒரு தோடி நமக்குக் கிடைக்கிறது. அதைக் கேட்டுவிட்டு “ரெக்கார்டிங் மோசம்” என்கிறோம்.

நல்ல ஹெட்ஃபோனின் உண்மையான வேலை இங்கேதான். எங்கே துடைத்திருக்கிறார்கள், எங்கே வேகம் தவறு, எங்கே ஒத்தையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். தம்பியின் முப்பதாயிரம் அவனுக்கு ஒரு சாட்சியைக் கொடுத்தது. அவன் சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டான்.

*

இனி என் கதை. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் கரை கடந்தது. அந்த மாதம் நான் சென்னையில், ஒரு ஹெட்ஃபோனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் மாமா வீட்டு ஓடுகள் பறந்து பரண் நனைந்தது. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி; அதில் நாற்பது கேசட் போல இருக்கும். மாமா கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தவை. வாசித்தவர்கள் பெரிய பேர் இல்லை. அக்கம்பக்கத்து ஊர் செட்டுகள். இசைத்தட்டுக் கம்பெனி அவர்கள் வாசலை மிதித்ததில்லை. உலகத்தில் அவர்கள் வாசிப்புக்கு அந்தப் பெட்டி ஒன்றே ஆதாரமாக இருந்திருக்கலாம். தண்ணீர் இறங்கி, பூசணம் பூத்து, அத்தை எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார்கள். ஓடு போன வீட்டில் கேசட்டைப் பற்றி யார் யோசிப்பார்கள்? யோசித்திருக்கவேண்டியவன் நான். ஏழெட்டு வருஷமாக அந்தப் பரணுக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறேன். பெட்டியைத் திறந்ததில்லை.

டெல்டாவின் இசையைப் பற்றிப் பேசினால் உடனே திருவாரூரும் மும்மூர்த்திகளும் வருவார்கள். அவர்களுக்குச் சபை உண்டு, மேடை உண்டு, நான்கு மைக் வைத்துப் பதிவு செய்ய ஆளுண்டு. நாகஸ்வரக்காரருக்கு விழா தொடங்கும் முன் அரைக் காலி அரங்கில் ஒரு மங்கல இசை. யார் பதியப்பட்டார்கள், யார் பதியப்படவில்லை என்பது ஒலியின் தரம் பற்றிய கேள்வி இல்லை, சாதியும் ஊரும் பற்றிய கேள்வி. பதியப்படாதவர்கள் எங்காவது இருக்கிறார்கள் என்றால் அது இம்மாதிரிக் கேசட்டுகளில்தான்.

ஆகவே நமக்கு இப்போது வேண்டியது டாக் இல்லை. அதன் எதிர்ப்பெட்டி. எண்ணை ஒலியாக்குவது டாக். ஒலியை எண்ணாக்குவது ஏடிசி. நம் தலைமுறையில் டாக் விமர்சனம் எழுதத் தெரியாதவன் இல்லை, ஏடிசி வைத்திருப்பவனைக் காணோம். நம் 24 பிட்டும் 96 கிலோஹெர்ட்ஸும் உண்மையாகவே பயன்படும் இடம் அங்கேதான். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, பழைய ஒலியை டிஜிட்டலாக்கும்போது குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், 96 இருந்தால் நல்லது என்கிறது. கேட்பதற்கு அல்ல, பிற்பாடு சொடுக்கொலிகளைக் கண்டுபிடித்து நீக்கவும், திருத்தும்போது இடம் இருக்கவும்.

‘இது அரசாங்கம் செய்யவேண்டியது’ என்பீர்கள். செய்யவேண்டியதுதான். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருவையாற்றில் இசைக் கல்லூரி இருக்கிறது. எந்த வீட்டுக்காரரும் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அசலையும் ஒரு பிரதியையும் வாங்கிக்கொண்டு வரும்படி ஒரு மேஜையும் ஒரு ஆளும் போடச் சொல்லிக் கேட்போம். நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பூசணம் ஆணைக்குக் காத்திருக்காது.

செலவு பெரிதில்லை. பழுதுபார்த்த பழைய கேசட் டெக், ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ், இலவச மென்பொருள். மூன்றே விதி. முதல் பிரதியில் எதையும் துடைக்காதீர்கள். துடைப்பதை இரண்டாம் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள். உறை மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். வாசித்தவர் குடும்பத்தைக் கண்டுபிடித்து, முதலில் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்துச் சம்மதம் கேட்காமல் எங்கேயும் ஏற்றாதீர்கள்.

*

டாக்கை நான் விற்றுவிட்டேன். ஹெட்ஃபோன் இருக்கிறது. அத்தை கொட்டியதில் பீரோவுக்குள் தப்பியிருந்தது ஆறு கேசட். அன்றைக்குத் தம்பி கிளம்புவதற்கு முன் அதில் ஒன்றை என் டெக்கில் போட்டு, அவன் ஹெட்ஃபோனிலேயே கேட்கவைத்தேன். ஜெனரேட்டர் சத்தம், ஒரு குழந்தை அழுகை, “பந்தியில உக்காருங்க” என்று யாரோ கூவுவது. அதற்கெல்லாம் பின்னால் ஒருத்தர் காம்போதி வாசித்துக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தும் வாசிக்கிறவரின் வாசிப்பு.

இந்த முறை அவன் கழற்றவில்லை. பக்கம் முடிந்து பொத்தான் ‘டொக்’கென்று எழும்பிய பிறகுதான் நிமிர்ந்தான்.

“யாருண்ணே இது?”

உறையைக் காட்டினேன். மாமா கையெழுத்தில் தேதியும் மண்டபத்தின் பேரும் இருந்தது. வாசித்தவர் பேர் இல்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்களில் இன்னும் நாலைந்து பேர் ஊரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமாகப் போய் அவர்களைக் கேட்கப் போகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் நீங்களும் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள்.