லைன் வீட்டில் ஒரு கீரைப்பாத்தி

சூரிய பகவான் பாரபட்சம் பாராதவர் என்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் குடியிருப்போரிடம் இதைச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். ஒரே அறை; அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரே ஜன்னல்; மொட்டை மாடிச் சாவியோ வீட்டுக்காரரிடம். அங்கே சூரியன் விருந்தாளியாகக்கூட வருவதில்லை.

அத்தகைய வீடொன்றில் சமீபத்தில் ஒரு தட்டுக் கொத்தமல்லியைக் கண்டோம். கூரையருகே எல்.இ.டி. குழல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆயினும், கீழே நாற்றுகள் வெளுத்து, நூல்போல் நீண்டு, தலை சாய்ந்து கிடந்தன. "இத்தனை வெளிச்சம் இருந்தும் ஏனுங்க இப்படி?" என்று வீட்டு அம்மாள் கேட்டார். செடிக்கென்றே விற்கும் ஊதா நிற விளக்கை வாங்கினால்தான் ஆகுமோ, அதற்குக் கடன் வாங்க வேண்டுமோ என்பது அவருடைய கவலை.

வேண்டியதில்லை என்பதே நமது பதில். நமது கண் ஒரு பெரிய ஏமாற்றுக்காரன். தையல் மேஜையின்மேல் ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருந்தால் நமக்குத் தாராளம். நடுப்பகல் வெயிலோ ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். கண் இரண்டுக்கும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. செடிக்கு அந்த வித்தை தெரியாது. நாம் வெளிச்சம் என்று நினைப்பது அதற்கு அந்தி இருட்டு.

ஊதா விளக்கின் ரகசியமும் பெரிதன்று. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சுகிறது. சாதாரண வெள்ளை எல்.இ.டி. என்பதோ, நீல ஒளியில் ஒரு பங்கை ரசாயனப் பூச்சினால் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுவதுதான்; இலைக்கு வேண்டியவை அதிலேயே உண்டு. அந்த நீல ஒளியைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகள் மூவர் 2014-ல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாண்டில் சர்க்கார் மொத்தக் கொள்முதலில் 310 ரூபாய் கொடுத்த எல்.இ.டி. பல்பு, 2016-ல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஆகவே குறை விளக்கில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. நீண்ட குழல் விளக்கின் சமீபத்தில் தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

செய்முறை இதுதான். நான்கடி நீளமுள்ள 20 வாட் குழல் விளக்குகள் இரண்டை ஒரு பலகையில் அருகருகே பொருத்துங்கள். பலகையைக் கயிற்றால், இலைக்கு மேல் அரையடி உயரத்தில் தொங்கவிடுங்கள். செடி வளர வளரக் கயிற்றை உயர்த்தலாம். பக்கங்களில், நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வெள்ளையடித்து நிறுத்தினால் சிதறும் ஒளி திரும்பும். உடுமலைப் பக்கத்துத் தென்னைநார்க் கழிவுடன் மட்கிய எருவைக் கலந்தால் மண் தயார். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை விளக்கு எரியட்டும். பிறகு செடியும் மனிதர்களும் உறங்கட்டும்.

மின்சாரக் கணக்கையும் பார்ப்போம். 40 வாட், 14 மணி நேரம்: மாதம் சுமார் 17 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமென்றாலும், லைன் வீடுகளில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிப்பதுண்டு. முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

எச்சரிக்கை ஒன்று. வெளிச்சம் கூடுமென்று பல்பின் மேல்மூடியைக் கழற்றுவோர் உண்டு. மலிவான பல்புகளில் உள்ளே நேரடி மின்சாரமே ஓடுகிறது. ஈரக் கை பட்டால் உயிருக்கே ஆபத்து. மூடியைத் தொடாதீர்கள், நீர் தெளிக்கும்போது விளக்கை அணையுங்கள், வயர் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். குழலின்மேல் படியும் பஞ்சுத் தூசியை வாரந்தோறும் துடையுங்கள்.

இதில் தக்காளி காய்க்கும் என்று நாம் சொல்லமாட்டோம். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, நாற்றுகள் ஆகியவை வரும். சந்தைச் செலவும் பெரிதாகக் குறையாது. எனினும், 1925-ல் காந்தியடிகள் தொடங்கிய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை நடந்த ஊர் இது. தனக்கு வேண்டியதில் ஒரு சிறு பங்கையாவது தன் கையால் உண்டாக்கிக்கொள்வதில் உள்ள கௌரவத்தை இவ்வூருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமா?

மூன்று வாரம் கழித்து அதே வீட்டுக்குச் சென்றோம். விளக்கு இறங்கியிருந்தது, கொத்தமல்லி குட்டையாய், கரும்பச்சையாய் நிமிர்ந்து நின்றது. அன்று அந்த வீட்டு ரசத்தில் அதன் வாசனை இருந்தது.