‘ரிசல்ட் எப்போ வரும்?’: தெரியாமல் காத்திருப்பது இளைஞர்களின் மனதை என்ன செய்கிறது?

தேர்வில் ஜெயித்தால் சந்தோஷம். தோற்றால் வருத்தம். ரெண்டும் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தால்? பலருக்கு அதுதான் பெரிய பாரம்.

வத்தலக்குண்டு மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊரிலும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். 10-ம் வகுப்புத் தேர்ச்சி போதும், வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர் போன்ற அரசு வேலை கிடைக்கும் என்பதே காரணம்.

8 மாதக் காத்திருப்பு

2022 ஜூலை 24-ல் நடந்த குரூப் 4 தேர்வை 18 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினர். முடிவு வெளியானது 2023 மார்ச் 24-ல். முதலில் 7,301 ஆக இருந்த காலியிடங்கள், பிறகு 10 ஆயிரத்தைத் தாண்டின. நல்ல செய்திதான். ஆனால், ‘நமக்குக் கிடைக்குமா?’ என்ற கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

தனியார் வேலைக்குப் போகலாமா, அடுத்த தேர்வுக்குப் படிக்கலாமா, வீட்டில் பேசும் கல்யாணத்துக்கு என்ன பதில் சொல்வது? எல்லாமே ‘ரிசல்ட் வரட்டும்’ என்று நின்றுவிடும். நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறி இறங்கினாலும், அன்றைக்கே கணக்கு தெரிந்துவிடும். தேர்வு முடிவு அப்படியில்லை.

ஆய்வு என்ன சொல்கிறது?

2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் கொடுத்தார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கா, இல்லையா என்று கணிக்க வேண்டும். இருந்தால் கையில் வலிக்கும்படி ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, 50-50 வாய்ப்பு இருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. நிச்சயமின்மையைத் தாங்கும் சக்தி குறைவாக இருப்பவர்களுக்குக் கவலை அதிகம் என்பதை உளவியலாளர்கள் 1990-களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். வெப்சைட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, டெலிகிராம் குரூப்பில் கட் ஆஃப் விசாரிப்பது எல்லாம் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். கொஞ்ச நேரத்தில் கவலை திரும்ப வந்துவிடும்.

அப்போ என்ன பண்ணலாம்?

* ரிசல்ட் செய்தியைப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு நேரம் ஒதுக்கலாம்.
* ‘கிடைத்தால் இது, கிடைக்காவிட்டால் அது’ என ரெண்டு திட்டத்தையும் எழுதி வைக்கலாம்.
* வீட்டில் இருப்பவர்கள் தினமும் ‘என்னாச்சு?’ என்று கேட்பதைக் குறைக்கலாம்.

இளைஞர்கள் பொறுப்பு மட்டுமா?

இல்லை. 2024 ஜூன் 9-ல் நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு அக்டோபர் 28-லேயே வந்தது. 5 மாதம்கூட ஆகவில்லை. காத்திருப்பைக் குறைக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. முடிவு தேதியை முன்கூட்டியே சொல்லி, அதைக் காப்பாற்றினாலே பாதி பாரம் இறங்கும்.

தூக்கமின்மை, பதற்றம் தொடர்ந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.