வேகப் பட்டியலின் உச்சியில் இருப்பது யார்?

இணையச் செயலிகளை எழுத எந்த ஃபிரேம்வொர்க் வேகமானது என்று சர்ச்சை கிளம்பினால், டெக்எம்பவர் நிறுவனம் 2013இல் தொடங்கிய ஒப்பீட்டுப் பட்டியலைத்தான் பலரும் எடுத்து நீட்டுகிறார்கள். உச்சியில் ரஸ்ட், சி++ மொழிகளில் எழுதியவை. வெகு கீழே ரூபி ஆன் ரெயில்ஸ், ஜாங்கோ. இதைப் பார்த்துவிட்டு மொழியையே மாற்றக் கிளம்புவது அவசரபுத்தி.

அதில் அதிகம் பேசப்படும் சோதனை ‘பிளெயின்டெக்ஸ்ட்’. ‘ஹலோ வேர்ல்ட்’ என்று பதில் அனுப்பினால் போதும். அதையும் பதிலுக்குக் காத்திராமல் 16 கோரிக்கைகளை வரிசையாகத் தள்ளும் பைப்லைனிங் முறையில் சோதிக்கிறார்கள். இன்றைய பிரவுசர்கள் அந்த முறையையே கைவிட்டுவிட்டன. முன்னணியில் இருந்தவை எல்லாம் பல சுற்றுகளில் விநாடிக்கு 70 லட்சம் கோரிக்கைகளையொட்டி முட்டி நின்றன. அங்கே தீர்ந்துபோனது 10 கிகாபிட் வலையமைப்பின் கொள்ளளவு.

போட்டிக்கென்றே எழுதும் கலையும் உண்டு. ஏஎஸ்பி.நெட் கோர் பட்டியலில் பல வடிவங்களில் வரும். மேலே நிற்பது கெஸ்ட்ரல் சர்வர்மீது நேரடியாகச் செதுக்கிய கோடு. அலுவலகங்களில் எழுதப்படும் எம்விசி வடிவத்தைத் தேட நன்றாகவே கீழே இறங்க வேண்டும்.

நான் பார்ப்பது ‘ஃபார்ச்சூன்ஸ்’ சோதனையை. டேட்டாபேஸிலிருந்து வாசகங்களை எடுத்து, புதிதாக ஒன்றைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, எச்டிஎம்எல் பக்கமாகத் தர வேண்டும். வாசகங்களில் ஒன்று ஜப்பானியம்; இன்னொன்று வேண்டுமென்றே நுழைத்த ஸ்கிரிப்ட், அதைச் செயலிழக்கச் செய்யாவிட்டால் தோல்வி. ஓரளவாவது நிஜ வேலையின் சாயல் இதில்தான் இருக்கிறது.

அப்போதும் உங்கள் செயலியின் கதை வேறு. ஒரு பக்கம் வர 200 மில்லிவிநாடி ஆகிறது, அதில் 160 டேட்டாபேஸுக்கே போகிறது என்று வையுங்கள். ஃபிரேம்வொர்க்கின் பங்கை இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் மிச்சம் 20தான். 50 கட்டுரைகளின் பட்டியலுக்கு ஆசிரியர் பெயரைத் தனித்தனியாகக் கேட்டு 51 குவெரி அனுப்பும் கோடு, ரஸ்டில் எழுதினாலும் இழுக்கத்தான் செய்யும். ஜாங்கோவில் அதைச் சரிசெய்ய ‘செலக்ட் ரிலேட்டட்’ என்ற ஒரே வரி போதும்.

ஃபிரேம்வொர்க்கை மாற்றுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. ட்விட்டர் 2011இல் தேடல் பகுதியின் ரெயில்ஸ் முகப்பை அகற்றி, ‘பிளெண்டர்’ என்ற ஜாவா சர்வரை வைத்தது. 95 சதவீதத் தேடல்களுக்கான காத்திருப்பு உச்சவரம்பு 800 மில்லிவிநாடியிலிருந்து 250க்கு இறங்கியது. அவர்களின் பழைய சர்வர்கள் ஒரு கோரிக்கைக்குப் பின்தள விடை வரும்வரை சும்மா நின்றன. பிளெண்டரோ பல பின்தளங்களை ஒரே நேரத்தில் கேட்டது. தடை எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் அவர்கள் அந்தச் செலவில் இறங்கினார்கள்.