ஆட்டக்காரரும் பண்டமாற்றும்

நம் நாட்டுக் கல்லூரி மைதானங்களில் ஆடப்பெறும் கூடைப்பந்து, அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்பவரால் 1891-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றதாகும். அப்பள்ளியிற் பயின்ற பக் துரையவர்களே 1920-ஆம் ஆண்டில் சென்னையில் தேகப் பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். இவ்விளையாட்டு தான் பிறந்த நாட்டில் இன்று பெரியதொரு வியாபாரமாகவும் விளங்குகின்றது. அவ்வியாபாரத்தின் ஒரு கூற்றைக் குறித்துச் சில சொல்லப் புகுகின்றோம்.

அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 குழுக்கள் உள்ளன. ஒரு குழு தன் ஆட்டக்காரரைப் பிறிதொரு குழுவுக்கு ஈந்து, அதற்கீடாக அதன் ஆட்டக்காரரைப் பெறுதல் கூடும். இதற்குரிய கெடு வழக்கமாகப் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் முடிவுறும். கெடு நெருங்குங்கால் அபிமானிகளுக்கு ஊணும் உறக்கமும் வேண்டுவதில்லை. இன்னாரைக் கொடுத்து இன்னாரைப் பெறலாமென்று ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒரு குழுவை அமைத்து மகிழ்வர்.

இவ்வூகங்களை நாம் முற்றும் பழிப்போமல்லோம். சம்பள வரம்பைக் கடந்த குழுவொன்று, தான் கொடுப்போர் சம்பளத்திற்கு ஏறக்குறைய ஒத்த சம்பளமுடையோரையே பெறல் வேண்டும். புதிய ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் முதற்சுற்று உரிமைகளை, அடுத்தடுத்து வரும் இரண்டு ஆண்டுகளிலும் இழக்கும்படி ஈந்துவிடலாகாது. இவ்விதிகளையெல்லாம் அறிந்து கணக்கிடுவோன் மூடனல்லன். ஆயினும், சதுரங்கக் காய்களை நகர்த்துவதுபோல் இக்கணக்கைச் செய்யுங்கால், காய்கள் மனிதர் என்பதை அவன் மறந்துவிடுகின்றான். நாம் குறை கூறுவது அம்மறதியையே.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, ஹாரிசன் பார்ன்ஸ் என்பவர் டல்லாஸ் குழுவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். அவ்வாட்டம் முடியுமுன்னரே அவர் சாக்ரமெண்டோ குழுவுக்கு மாற்றப்பட்டாரென்ற செய்தி பரவிற்று. அதன்பின் அவர் களத்திலிறங்கவில்லை. எனினும், ஆட்டம் முடியும்வரை பழைய தோழரோடு பலகையில் அமர்ந்தே இருந்தார். ஊகக்காரர் கணக்கில் இஃது ஒரு வரி. அவருக்கோ அஃது ஊரும் தோழரும் ஒரே இரவில் மாறிய நாள்.

இவ்வுண்மையை டல்லாஸ் அபிமானிகள் பின்னர்த் தாமே உணரும்படி நேர்ந்தது. 2024-ஆம் ஆண்டில் தங்கள் குழுவை இறுதிப் போட்டி வரையில் கொண்டு சென்ற லூகா டான்சிச், 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலீஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார்; ஈடாக அந்தோணி டேவிஸ் முதலியோர் வந்தனர். மாற்றங்களை நாடோறும் ஊகித்தோர் இதனை ஊகித்திலர். செய்தியே பொய்யென்று பலர் எண்ணினர். அபிமானிகள் ஆட்டரங்கின் வெளியே சவப்பெட்டி வைத்துத் துக்கங் கொண்டாடினர். மாற்றத்தைச் செய்த நிர்வாகி அவ்வாண்டு நவம்பரில் பதவியிழந்தார். பிற குழுவினர் மாற்றப்படுங்கால் விநோதமாயிருந்த காரியம், தம் வீரன் மாற்றப்படுங்கால் துரோகமாயிற்று!

ஏராளமான சம்பளம் பெறுவோர்க்கு இரக்கம் ஏன் என்பர் சிலர். ஜிம்மி பட்லர் அதே பருவத்தில் மயாமி குழுவினின்றும் தம்மை மாற்றுமாறு தாமே கேட்டுப் பெற்றாரன்றோ என்றும் வினவுவர். மெய்யே, எனினும் அத்தகைய செல்வாக்குடையோர் சிலரே. தம் சம்மதமின்றி மாற்றலாகாதென்ற ஷரத்துப் பெற்றோர் அவரினும் மிகச் சிலர். ஏனையோர், செய்தி வந்தபின் மூட்டை கட்டுவோரே. சம்பளம் உழைப்புக்கு விலையாகலாம். ஒருவன் மனைவி மக்களோடு வேரூன்றிய ஊருக்கு அது விலையாகாது.

ஆட்டக்காரரை மாற்றும் வழக்கத்தையே ஒழிக்க வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. குழுக்களைச் சமநிலைப்படுத்த அதுவும் ஒரு வழியே. அபிமானிகள் ஊகித்து மகிழட்டும். ஆனால், பிறர் குழுவின் ஆட்டக்காரனைக் கணக்கில் எழுதுமுன், அவ்விடத்தில் தம் அருமை வீரன் பெயரை ஒருமுறை எழுதிப் பார்ப்பாராக. அதன்பின்னும் அக்கணக்கு நியாயமாகத் தோன்றுமேல், அதனைத் தாராளமாகச் சொல்லட்டும். வாலிபர் சங்கமொன்றின் பள்ளியிற் பிறந்த விளையாட்டை விரும்புவோர்க்கு, இவ்வளவேனும் கடமையென்பது நம் துணிபு.